கால் துடிக்கட்டும் தம்பி, அளவுநாடாவை வைத்துவிடுங்கள்

கேள்வி (சுருக்கப்பட்டது):

மதிப்புக்குரிய டொக்டர், எனக்கு 34 வயது. களுவாஞ்சிகுடிக்குப் பக்கத்தில் வீடு. குருமண்வெளியில் பாதை (வாவியைக் கடக்கிற மிதவை) ஏறி மண்டூர்ப் பக்கம் ஒரு பாடசாலைக்குப் போய்க் கணிதம் படிப்பிக்கிறேன். மாரி வெள்ளம் வடிந்த கையோடு ஒரு காய்ச்சல் வந்து மாறியது. அதற்குப் பிறகு இடது கெண்டைக்கால் சதை துடிக்கத் தொடங்கியது. இப்போது தொடை, கண்ணிமை, கைப் பெருவிரல் என்று எல்லா இடமும் மாறி மாறித் துடிக்கிறது. வலி இல்லை. அதே கிழமைதான் கனடாவில் இருந்த பெரியம்மாவின் மகன் ஏ.எல்.எஸ் என்ற, தசைகள் மெலிந்து செயலிழக்கிற நோயில் மோசம் போனார். செத்தவீட்டைப் போனில்தான் பார்த்தோம். அன்றிரவு அந்த நோயைப் பற்றித் தேடினேன். 'தசைத் துடிப்பு' என்று போட்டிருந்தது. அன்றோடு என் நித்திரை போனது.

இப்போது ஐந்து மாதம். இரண்டு வைத்தியர்களையும் ஒரு நரம்பியல் நிபுணரையும் பார்த்தேன். இரத்தப் பரிசோதனை, தசைக்குள் ஊசி குத்தி அதன் மின்னோட்டத்தைப் பார்க்கும் ஈ.எம்.ஜி எல்லாம் சரி என்றார்கள். ஒரு கிழமை நிம்மதி, மறுகா பழையபடிதான். மனைவியின் தையல் அளவுநாடாவால் ஒவ்வொரு நாளும் கெண்டைக்காலை அளக்கிறேன். இடது 35.5, வலது 36 சென்ரிமீற்றர். இடது மெலிகிறதா? நாக்கைக் கண்ணாடியில் பார்த்தால் அதுவும் ஆடுகிறது. மகளுக்கு இரண்டு வயது. கட்டிலில் கிடந்து இவர்களுக்குப் பாரமாக இருப்பதை நினைத்தால் அதற்கு முதலே போய்விடலாம் போல இருக்கிறது. ஈ.எம்.ஜியைத் திரும்பச் செய்ய வேணுமா? நிபுணரின் குறிப்பும் நாலு வீடியோவும் அனுப்பியிருக்கிறேன். தயவுசெய்து பார்த்துச் சொல்லுங்கள்.

பதில்:

அன்பின் தம்பி,

துடிப்பைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். 'அதற்கு முதலே போய்விடலாம் போல' என்பது ஒற்றை வரி. நான் அந்த வரியில் நின்றுவிட்டேன். பயத்தில் வந்து போகிற நினைப்பு அது என்றால், இன்றிரவே உங்கள் மனைவியிடம் வாய் திறந்து சொல்லுங்கள். எப்படி, எப்போது என்று மனம் யோசிக்கத் தொடங்கியிருந்தால் இதை வாசித்து முடிக்கும்வரைகூடப் பொறுக்க வேண்டாம். ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பக்கத்து வைத்தியசாலைக்குப் போங்கள். 1926 தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம், தமிழில் பேசலாம். அங்கே உங்களை யாரும் பைத்தியம் என்று நினைக்கப் போவதில்லை. ஐந்து மாதம் நித்திரை இல்லாமல் பயந்து கிடக்கிற எவருக்கும் மனம் அந்த விளிம்புக்குப் போகும்.

இனி உங்கள் கேள்வி. நிபுணரின் குறிப்பை வாசித்தேன். தசையில் பலவீனம் இல்லை, மெலிவு இல்லை, முழங்காலில் தட்டினால் வரும் உதறல் இயல்பாக இருக்கிறது, ஈ.எம்.ஜி இயல்பு. துடிப்புத் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் ஆன பிறகு செய்த பரிசோதனை அது. உங்களுக்கு ஏ.எல்.எஸ் இருக்கிறது என்று நினைக்க அதில் ஒரு காரணமும் இல்லை. ஈ.எம்.ஜியைத் திரும்பச் செய்ய வேண்டாம். 'நேரத்தோடு செய்துவிட்டேனோ, அதனால் பிடிபடவில்லையோ' என்று கேட்பீர்கள். அந்த நோய் இருக்கிறவர்களுக்கு, பலவீனம் இன்னும் வெளியே தெரியாத தசையில்கூட அந்த ஊசி பழுதைக் காட்டுவது வழமை. உங்கள் கால், தொடை, கை எல்லாவற்றிலும் குத்திப் பார்த்திருக்கிறார்கள். இல்லை.

துடிப்பு என்றால் என்ன என்று சொல்கிறேன், நீங்கள் கணித ஆசிரியர், விளங்கினால் மனம் கொஞ்சம் இறங்கும். முள்ளந்தண்டுக்குள் இருக்கிற ஒரு நரம்புக் கலத்திலிருந்து ஒரு நீண்ட இழை காலுக்கு வருகிறது. தசைக்குள் வந்ததும் அது கிளைவிட்டுப் பிரிகிறது. கெண்டைக்காலில் அப்படி ஒரே கலம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தசை நார்களைப் பிடித்து வைத்திருக்கும். அந்த இழையின் நுனிப் பக்கத்தில் மூளை கேளாமலே ஒரு மின்பொறி தட்டினால், அத்தனை நாரும் ஒன்றாகச் சுருங்கி விடும். தோலுக்குக் கீழே ஏதோ துள்ளுகிற மாதிரி இருக்கும். அவ்வளவுதான் ஒரு துடிப்பு. நித்திரை குறைந்தால், காய்ச்சல் வந்து போனால், வெயிலில் வியர்த்துத் தண்ணீர் குறைந்தால், தேநீர் கூடினால், உடம்பு களைத்தால் அந்த நுனி எளிதில் தட்டும். பயந்தால் இன்னும் எளிது. பயத்தில் சுரக்கிற அட்ரினலின் அதே நரம்பு நுனிகளைத்தான் உசுப்புகிறது. வெள்ளம் வடிந்த பிறகு வீட்டுக்குள் சேறு அள்ளி, காய்ச்சலில் கிடந்து எழும்பி, நித்திரையில்லாமல், ஒரு நாளைக்கு ஏழு பிளேன்ரீ குடிக்கிற ஒருவருக்குச் சதை துடிக்காவிட்டால்தான் எனக்கு ஆச்சரியம். (ஏழு என்று எழுதியது நீங்கள்தான். மூன்றுக்குக் குறையுங்கள், பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வேண்டாம்.)

ஏ.எல்.எஸ் வேறு விஷயம். அதில் அந்த நரம்புக் கலமே சாகிறது. நோயாளி பெரும்பாலும் துடிப்பைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. செருப்பு காலில் நிற்காமல் கழன்று போகிறது, பொத்தான் பூட்ட இயலவில்லை, பேச்சு குழறுகிறது என்றுதான் வருவார். சட்டையைக் கழற்றிவிட்டுப் பார்க்கிற வைத்தியர்தான் 'தோளில் துடிக்கிறதே' என்று முதலில் காண்பார். விஞ்ஞானி ஸ்ரீபன் ஹோக்கிங்கை நீங்கள் நினைத்திருப்பீர்கள், இந்தப் பயத்தோடு வருகிற எல்லாரும் அவரைச் சொல்வார்கள். 1963இல், 21 வயதில் அவருக்கு நோயைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் அவரும் கால் தடுமாறி விழத் தொடங்கிய பிறகுதான் வைத்தியரிடம் போனார். அவர் வயது ஒரு விதிவிலக்கு. பெரும்பாலும் 55, 60 தாண்டியவர்களுக்கே இது வருகிறது, அதுவும் ஒரு லட்சம் பேரில் வருடத்துக்கு 2 பேர் அளவில். பரம்பரையாக வருவது 100இல் 5 முதல் 10 பேருக்குத்தான். பெரியம்மாவின் மகன் ஒருவருக்கு வந்ததை வைத்து உங்கள் குடும்பத்தை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேணும். 1993இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் வைத்தியர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். துடிப்பு மட்டும் இருந்து, பரிசோதனையில் வேறு குறை இல்லாத 121 பேர். குறைந்தது 2 வருடம், கூடியது 32 வருடம் அவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஒருவருக்கும் ஏ.எல்.எஸ் வரவில்லை. அவர்களில் கணிசமானோர் மருத்துவத் துறையில் வேலை செய்கிறவர்கள். இந்த நோயைப் பற்றிப் படித்தவர்களுக்குத்தான் இந்தப் பயம் கூட வருகிறது. அன்றிரவு நீங்களும் போனில் படித்தீர்கள்.

இப்போது அளவுநாடா. இரண்டு காலும் ஒரே அளவில் இருக்கிற மனிதர் அரிது. வலது கால் பழக்கமுள்ளவருக்கு அது அரை சென்ரிமீற்றர், ஒரு சென்ரிமீற்றர் தடிப்பாக இருப்பது இயல்பு. நாடாவை ஒரு விரல்கடை மேலே ஏற்றிப் பிடித்தாலே உங்கள் 35.5 வேறு எண்ணாகிவிடும். காலையில் ஒன்று, பாதையில் நின்று பள்ளிக்கூடத்தில் நின்று வந்த பின்னேரத்தில் ஒன்று. அளவுப் பிழை என்று ஆண்டு பத்துப் பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லிக் கொடுப்பது இதைத்தான்.

நாக்கும் அப்படியே. வெளியே நீட்டிப் பிடித்தால் எல்லாருடைய நாக்கும் நடுங்கும், என்னுடையதும். நாங்கள் நாக்கைப் பார்க்கும்போது வாய்க்குள் சும்மா கிடக்கவிட்டுத்தான் பார்ப்போம். நீங்கள் கண்ணாடிக்கு முன்னால் நீட்டிப் பிடித்துப் பார்த்தது ஆட்டத்தைத்தான் காட்டும்.

வீடியோவைப் பற்றிச் சொல்ல வேணும். முதலாவதைத் திறந்தேன். 22 விநாடி. கட்டில் விளிம்பில் உங்கள் கால், ரோமத்துக்கு நடுவே தோல் ஒருதரம் துள்ளுகிறது, நிற்கிறது, திரும்பத் துள்ளுகிறது. நன்றாகத் தெரிகிறது, சாதாரணத் துடிப்பு. அதற்குப் பின்னால் உங்கள் மகள் 'அப்பா' என்று கூப்பிடுகிறாள். மூன்று தரம். போன் அசையவே இல்லை. மற்ற மூன்றையும் நான் திறக்கவில்லை. திறக்கவும் மாட்டேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், காரணம் இருக்கிறது. நான் உள்ளகப் பயிற்சி வைத்தியராக இருந்த வருடம் என் வலது பெருவிரலின் அடிச்சதை துடிக்கத் தொடங்கியது. அந்தக் கிழமை வாட்டில் இதே நோயோடு வயல் செய்கிற ஒரு ஐயா கிடந்தார். கையின் பெருவிரல் மேடு குழி விழுந்திருந்தது. இரவுக் கடமையில் மணிக்கு ஒருதரம் என் கையை லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன். கடைசியில் என் மேலதிகாரியான வைத்தியரிடம் காட்டினேன். அவர் விரலை வளைத்து, நெரித்து, தட்டி, கால் மணித்தியாலம் ஒழுங்காகப் பரிசோதித்தார். ஒன்றும் இல்லை என்றார். நாலு நாள் கழித்துத் திரும்பப் போனேன். 'பார்த்தாயிற்று' என்றார், கையைத் தொடவில்லை. அன்று எனக்கு அவர் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. அந்த ஆத்திரத்திலேயே ஒரு மாதம் போனது. துடிப்பு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது, அதற்குள் பார்க்க மறந்துவிட்டேன். இரண்டாம் தரமும் அவர் பார்த்திருந்தால் நான் இருபதாம் தரமும் போயிருப்பேன்.

உங்களுக்கு நடக்கிறதும் அதுதான். பரிசோதனை, ஒரு கிழமை நிம்மதி, பிறகு சந்தேகம், அடுத்த பரிசோதனை. நிம்மதி தருகிற ஒவ்வொரு தரமும் மூளை 'பார்த்ததால்தான் தப்பினோம்' என்று எழுதி வைக்கிறது. அதனால் அடுத்த தரம் சீக்கிரம் பார்க்கச் சொல்கிறது. நீங்கள் படிப்பிக்கிற படுவான்கரையில் யானைக் காவல் இருக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒருதரம் யானை வேளாண்மைக்குள் இறங்கிவிட்டால், பிறகு இரவு முழுக்க வாடிக்குள் கண்ணை மூட இயலாது. ஓலை உரசினால் யானை, மாடு செருமினால் யானை. சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் கடல் கொஞ்சம் இரைந்தாலே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எழும்பி நின்றவர்கள் எத்தனை பேர். காது பழுதில்லை, காவல் கூடிப்போனது. உங்கள் காவல் இடது காலில் நிற்கிறது. அங்கே ஒவ்வொரு சிறு துள்ளலும் கேட்கிறது, கேட்டதும் பயம், பயத்தில் இன்னும் துள்ளல்.

அதனால் துடிப்பை நிறுத்த நான் மருந்து தரப் போவதில்லை. அது இன்னும் மாதக் கணக்கில், ஏன், வருடக் கணக்கில்கூட வந்து போகலாம். நிற்காவிட்டால் ஏதோ இருக்கிறது என்று எடுக்காதீர்கள். நிறுத்த வேண்டியது பார்ப்பதை.

முதல் வேலை அளத்தலும் கண்ணாடியும். அவற்றைக் குறைக்கச் சொல்லவில்லை, ஒரேயடியாக நிறுத்துங்கள். நுனிக்காலில் நடந்து பார்ப்பது, பெருவிரலை நெரித்துப் பார்ப்பது எல்லாம் இதில் சேரும். போனில் அந்த நோயின் பெயரைத் தேடுவதும் சேரும். முதல் நாலைந்து நாள் மிகவும் கஷ்டமாக இருக்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன். கை நாடாவைத் தேடும். அப்போது 'இல்லை, வருத்தம் இல்லை' என்று மனதோடு வழக்காட வேண்டாம், அந்த வழக்கு முடியாது. பாதையில் நிற்கும்போது கால் துடித்தால் 'ஓம், துடிக்குது' என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, பக்கத்தில் நிற்கிறவரோடு கதையுங்கள். பார்க்காமல் இருக்கவே முடியாத நேரத்தில் மணிக்கூட்டைப் பார்த்து 20 நிமிடம் தள்ளிப் போடுங்கள். அந்த 20 நிமிடத்தில் பயம் ஏறி, பிறகு தானாக இறங்குவதை நீங்களே காண்பீர்கள். இதை நான் சொல்லி நம்புவது வேறு, உங்கள் உடம்பில் காண்பது வேறு.

மனைவிக்கும் ஒரு வேலை. நீங்கள் காலைக் காட்டி 'மெலிஞ்சிருக்கா?' என்று கேட்டால் அவர் இதுவரை 'இல்லை' என்று சொல்லி வந்திருப்பார், ஒரு நாளைக்குப் பத்துத் தரம். இனி அவர் பதில் சொல்ல வேண்டாம். 'இதுக்கு நான் பதில் சொல்லமாட்டன், வாங்க பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கடக்கரைக்குப் போவம்' என்று சொன்னால் போதும். இதை இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அவர் உங்களைக் கைவிட்டதாகத் தோன்றும்.

அம்மா பார்வை பார்த்து நூல் கட்டிவிட்டதை வெட்கத்தோடு எழுதியிருந்தீர்கள். நூல் இருக்கட்டும், அது அம்மாவின் அன்பு. 'நரம்புத் தளர்ச்சி' என்று சொல்லி யாராவது ஊசி மருந்து போட்டுக் காசு கேட்டால் அங்கே போகாதீர்கள்.

இரண்டு மூன்று கிழமை இப்படிச் செய்தும் நித்திரை திரும்பவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் மருந்து உதவும். சேர்ட்ரலின், ஃப்ளூஒக்செடின் மாதிரியானவை. வேலை செய்ய இரண்டு முதல் ஆறு கிழமை எடுக்கும், முதல் கிழமையில் பதற்றம் கொஞ்சம் கூடலாம், அடிமைப்படுத்தாது. அந்த முதல் கிழமையில் அந்த ஒற்றை வரி நினைப்புத் திரும்ப வந்தால் உடனே வைத்தியருக்குச் சொல்ல வேணும். எண்ணத்தையும் பழக்கத்தையும் சேர்த்து மாற்றுகிற சி.பி.ரி என்ற பேச்சுச் சிகிச்சைக்கும் இந்தப் பயம் நன்றாக அடங்கும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது, காசு இல்லை. உங்கள் பகுதி ஆதார வைத்தியசாலையிலும் கேட்டுப் பாருங்கள். உளநலக் கிளினிக்கில் உங்களைக் கண்டு யாராவது பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவார்களோ என்று ஆசிரியர்கள் பயப்படுவதை நான் அறிவேன். அந்த வரிசையில் ஆசிரியர்கள் இல்லாத கிழமையை நான் கண்டதில்லை.

எப்போது திரும்ப வைத்தியரிடம் போக வேணும் என்று கேட்பீர்கள். ஒரு வேலையைச் செய்யவே இயலாமல் போனால். 'பலம் இல்லாத மாதிரி இருக்கு' என்பது களைப்பு. வெண்கட்டி கையில் நிற்காமல் விழுவது, படியில் பாதம் தூக்குப்படாமல் இடறுவது, தண்ணீர் குடிக்கப் புரையேறுவது, அதுவும் கிழமைக்குக் கிழமை கூடிக்கொண்டு போவது, இதுதான் பலவீனம். இதை நீங்கள் தேடிப் பார்க்க வேண்டாம். வந்தால் உங்கள் வகுப்புப் பிள்ளைகளே உங்களுக்கு முதல் கண்டுவிடுவார்கள்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்காக ஒரு சொல். வயலுக்குப் பூச்சிமருந்து அடித்த அன்றோ மறுநாளோ சதை துடித்து, அதோடு வியர்த்துக் கொட்டி, எச்சில் ஊறி, வாந்தி வந்து, நெஞ்சு அடைத்தால் அது நஞ்சு. ஓர்கனோபொஸ்பேட் வகை மருந்து அப்படிச் செய்யும். அங்கே ஒரு நிமிடமும் பொறுக்காமல், உடுப்பைக் கழற்றிக் கழுவிவிட்டு வைத்தியசாலைக்கு ஓட வேணும். முட்டுக்கு (மூச்சு இழுப்புக்கு) பாவிக்கிற சல்பியூட்டமோல் பம்பும் கை நடுக்கம் தரும், அதற்காகப் பம்பை நிறுத்த வேண்டாம், வைத்தியரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக உங்கள் அண்ணா. சின்ன வயதில் உங்களுக்குத் தோணி வலிக்கப் பழக்கியவர் என்று எழுதியிருந்தீர்கள். அவருடைய செத்தவீட்டைப் போன் திரையில் பார்த்துவிட்டு, அதே திரையில் அதே இரவில் அவருடைய நோயைத் தேடினீர்கள். அவருக்காக அழுததாக ஒரு சொல்லும் கடிதத்தில் இல்லை. பெரியம்மாவுக்கு இன்னும் கோல் எடுக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கடைசி நாட்களைப் பற்றி அவர் சொல்லத் தொடங்கினால் கேட்க இயலாது என்ற பயமாக இருக்கும். எடுங்கள், தம்பி. அண்ணாவின் கால் எப்படித் துடித்தது என்று கேட்க அல்ல. தோணி வலித்த கதையைச் சொல்லுங்கள், அவர் அழுவார், நீங்களும் அழுங்கள். ஐந்து மாதமாக அந்த அழுகைக்கு இடம் கிடைக்கவில்லை.

பிறகு அளவுநாடாவைத் தையல் மெசின் லாச்சிக்குள் உங்கள் கையாலேயே கொண்டுபோய் வையுங்கள். மண்டூர்த் திருவிழாவுக்கு மகளுக்குப் பாவாடை சட்டை தைக்க அது உங்கள் மனைவிக்கு வேணும்.